சத்தத்துக்குள்ளே பேசியவர்

தோட்டத் தொழிலாளர் லயத்தை விட்டு இறங்கி, பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களைத் தாண்டி, தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் கால் வைத்தபோது பின்னால் ஒரு ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. எட்டு வீட்டு லயத்தில் அது ஐந்தாவது வீடு. நான் வெளியே வந்தது நான்காவது வீட்டிலிருந்து. அங்கே ஒரு சத்தமும் இல்லை. ஆறு வருடமாக அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். அது சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

தோளில் என் வேலைப் பை. துளை போடும் மிஷின், முறுக்காணிகள், வயர் சுருள், அவற்றோடு தீப்பெட்டி அளவில் ஒரு கமரா. அந்த வீட்டு டிவியின் தலையில் அதைப் பூட்டியவன் நான். கழற்றிக்கொண்டு வந்தவனும் நான்தான். இரண்டுக்கும் நடுவில் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தின் முடிவில் ஒரு பெண் ரயில் ஏற வந்து, ஏற முடியாமல் திரும்பிப் போனாள்.

தெமோதரை ஸ்டேஷனுக்கு முக்கால் மணி நேர இறக்கம். இறங்க இறங்க அந்த வீட்டு அக்காவையே நினைத்துக்கொண்டு போனேன். சில வருடம் கழித்து இதை எழுதும்போதும் அவர் முகத்துக்கு முன்னால் அவர் வீட்டுச் சத்தம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. பெயரை எழுதப் போவதில்லை. வாசலில் நின்று உரக்க "அக்கா" என்று கூப்பிட்டாலே, "ஏன் தம்பி, பெரட்டுல பேர் வாசிக்கிற மாதிரி கத்துற?" என்று ஏசுபவர் அவர்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றினேன். கொழும்பில் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினேன். வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு தோண்டினேன். ஓரிடத்தில் ஒரு வருடம் தாண்டினால் எனக்குக் கால் அரிக்கும். பதுளை டவுனில் ஒரு டிவிக் கடையில் மட்டும் விட்டு விட்டு ஆறு வருடம் வேலை பார்த்தேன். தோட்டம் தோட்டமாக நடக்கிற வேலை என்பதால் அது ஓரிடத்தில் இருப்பது போலத் தெரியவில்லை.

முதல் முறை அந்த லயத்துக்கு டிஷ் பூட்டத்தான் போனேன். கூரையிலிருந்து இறங்கியதும் அக்கா தேத்தண்ணி ஊற்றினார். "சீனி கொஞ்சமாப் போடுங்கக்கா" என்றேன். அவர் வாயைத் திறக்குமுன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழவரின் குரல் வந்தது.

"அந்த வீட்டுல சீனி நேத்தே முடிஞ்சு போச்சு தம்பி. பனங்கட்டி தான்."

அது ஐந்தாவது வீட்டுப் பழைய கங்காணி. அக்கா சுவரை முறைத்தார். எழுந்து போய் ரேடியோவைப் போட்டார், காது வலிக்கும் அளவுக்கு. அதற்குப் பிறகு என் பக்கத்தில் குனிந்து, "இப்ப சொல்லு, நீ எந்தத் தோட்டத்துப் புள்ள?" என்று கேட்டார்.

லயத்துச் சுவர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் எட்டு வீட்டுக்கும் ஒரே கூரை. வெள்ளைக்காரன் காலத்தில் கல்லை மிச்சப்படுத்திவிட்டுப் போனார்கள். பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே மிச்சமாக விட்டுவிட்டார்கள். முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் எட்டாவது வீட்டில் தும்முவார்கள். அதனால் லயத்து ஆட்களுக்கு முக்கியமான பேச்சுக்கு முன்னால் ரேடியோவைக் கூட்டி வைக்கும் பழக்கம் உண்டு. மற்றவர்களுக்கு அது பழக்கம். அக்காவுக்கு அது வேதம் மாதிரி.

"மொதல்ல சத்தம், பொறவு சங்கதி" என்பார்.

இளம் வயதில் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கிற மிஷின் பக்கத்தில் வேலை செய்தவர். அந்த இரைச்சலுக்குள் வாயைக் காதோடு வைத்துப் பேசப் பழகினார். பிறகு மலையில் கொழுந்து எடுக்கப் போனபோது மழைக்குக் காத்திருப்பாராம். தலையில் போட்ட ரப்பர் படங்கின் மேல் மழை சடசடவென்று விழத் தொடங்கியதும் பக்கத்து நிரைக்காரியிடம் சேதியை அவிழ்ப்பார். மழை விட்டால் பேச்சும் பாதியில் நிற்கும். கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும், பாட்டுக் குழு பழகுகிற நேரம் பார்த்துத்தான் போவார்.

"ஃபாதருக்குக் கேட்டாப் போதும். வரிசையில பின்னால நிக்கிறவளுக்கு என் பாவம் எதுக்கு?"

இதைக் கேட்டு நான் சிரித்த ஒரு நாளில்தான் அவர் தன் அப்பாவின் கதையைச் சொன்னார். அப்போதும் அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டே, கல் உரசுகிற சத்தத்துக்குள். அவருக்கு ஒன்பது வயது. வீட்டுக்குள் சோறு சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம், கொழுந்து நிறுக்கிற தராசில் கள்ளம் இருக்கிறது என்று சொன்னார். மறுநாள் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில், அப்பா பக்கத்தில் இவரும் நிற்க, எல்லோருக்கும் முன்னால் கணக்கப்பிள்ளை அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னார். அப்பாவுக்கு வேலை நின்றது. வேறு தோட்டத்துக்கு மாற வேண்டியதாயிற்று.

"வேலை போனது பெருசில்ல தம்பி. அந்த ஆளு அப்பா பேசின மாதிரியே பேசினாரு. அப்பா ஒரு இழுவை இழுப்பாரு, 'கள்ள்ளம்'னு. அதையும் இழுத்தாரு. நம்ம வீட்டுக்குள்ள சோத்தோட பேசினது இன்னொருத்தன் வாயில இருந்து வந்துச்சு. அப்பா அன்னையோட வாயை மூடிட்டாரு."

அம்மியைக் கழுவினார். சத்தம் நின்றது. அந்தக் கதையும் அங்கேயே நின்றது.

அக்காவுக்கு ஒரே மகன், அந்தோணி. ஆட்டோ ஓட்டினான். ஹாலிஎலப் பக்கமிருந்து ஸ்டெல்லா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். நல்ல தையல்காரி. கல்யாணமாகி ஒரு வருடத்தில் அவளுடைய இடது மணிக்கட்டு கோணலாக ஒட்டியிருந்தது. பீலியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள். மிளகாய் வறுத்தால் எட்டு வீட்டுக்கும் தெரிகிற அந்த லயத்தில், எட்டு வீட்டிலும் பீலி என்றுதான் சொன்னார்கள்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் நான் டிஷ் வயர் மாற்றப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரேடியோ கூரையைப் பிடுங்குவது போலப் பாடிக்கொண்டிருந்தது. அக்கா வெளியே கல்லில் உட்கார்ந்து கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"இப்ப வேணாம் தம்பி. நாளைக்கு வா."

நான் திரும்பி வந்துவிட்டேன். பாட்டுப் பிரியர்கள் என்று நினைத்தேன்.

பிறகு அந்தோணி கத்தாருக்குப் போனான். ஒன்றரை வருடம் கழித்து, அங்கிருந்தே எங்கள் கடைக்குப் பேசி, அம்மாவுக்குப் பெரிய டிவி ஒன்று ஒழுங்கு செய்தான். இன்டர்நெட்டில் ஓடும் டிவி, சிம் போட்ட ரவுட்டர், மேலே செருகும் கமரா. உடைந்துவிடுமோ என்று பயந்து, டிவியைத் தேயிலைக்குள்ளால் நான்கு பேர் சவப்பெட்டி தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனோம். பீலியில் நின்ற பெண்கள், "யாரு செத்தது?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

லயத்துச் சுவர் ஆணியைத் தாங்கவில்லை. உதிர்ந்தது. இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே மேசை போட்டு டிவியை வைத்தேன். அந்தோணி என் போனில் இருந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"அண்ணே, வீடியோ கோல் வந்தா அம்மாவுக்கு எடுக்கத் தெரியாது. தானா எடுக்கிற மாதிரி வச்சிடுங்க."

வைத்தேன்.

"நாடகம் பாக்கிறப்ப நான் குறுக்க வந்தா ஏசும். திரையில ஒண்ணும் தெரியாம பின்னால ஓடுற மாதிரி பண்ணிடுங்க. சும்மா அம்மா மொகத்தப் பாத்துட்டு வச்சிடுவேன்."

அதையும் வைத்தேன். அம்மா முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிற மகனிடம் என்ன கேட்பது?

"அவங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதீங்கண்ணே. பயப்படுவாங்க."

அவன் ஒரு தடவை சோதித்துப் பார்த்தான். கமராவின் ஓரத்தில் கடுகளவு பச்சை வெளிச்சம் எரிந்தது. அக்கா உடனே கண்டுபிடித்தார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"அது என்ன தம்பி, பச்சையா?"

"கரண்ட் இருக்குன்னு காட்டுதுக்கா" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. பையைக் கட்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னது. ஒரு நாளைக்கு நான்கு வீட்டில் நான்கு கேள்வி கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நின்று விளக்கினால் பஸ் போய்விடும்.

அக்காவுக்கு அந்த டிவி மிகவும் பிடித்துப்போனது. படத்துக்காக இல்லை. "ரேடியோ இதுக்கிட்ட நிக்க முடியாது" என்றார். சத்தத்தை நாற்பதில் வைத்தால் கங்காணியின் இருமல்கூடக் கேட்கவில்லை. சும்மா இருக்கும்போது டிவியை அணைத்துவிடுவார். கரண்டை வீணாக்க மாட்டார். சேதி பேச வேண்டியிருந்தால் மட்டும் போடுவார். போட்டதும் ஸ்டெல்லாவை இழுத்து டிவிக்குப் பக்கத்திலேயே உட்கார வைப்பார். சத்தம் அங்கேதான் கனம் என்பார்.

இரண்டாவது மாதம் படம் நிற்கிறது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் படம் நன்றாகத்தான் இருந்தது.

"உக்காரு" என்றார். ரிமோட்டை எடுத்தார். நாற்பது. யாரோ ஒருத்தி கேக் செய்துகொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் மூன்று தலையும் ஒட்டுமளவுக்கு டிவியை நெருங்கி உட்கார்ந்தோம்.

"கை பீலியில ஒடையல" என்றார் அக்கா.

"தெரியும்க்கா."

"எல்லாருக்கும் தெரியும். வயித்துல மூணு மாசம் இருந்துச்சு. அது தெரியுமா? ஒதச்சான். கலைஞ்சு போச்சு. இப்ப மூணு மாசத்துல கத்தார முடிச்சுக்கிட்டு ஒரேயடியா வர்றானாம். வர்றதுக்கு முன்னால இவ இங்க இருக்கக் கூடாது."

ஸ்டெல்லா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்த, அவருக்குத் தெரிஞ்சா உங்களையும் விட மாட்டாரு" என்றாள்.

"எப்படித் தெரியும்? நீ சொல்லுவியா? இவன் சொல்லுவானா?"

நான் கேட்டேன்: "உங்க மகன்தானேக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். "நான் பெத்தது தான். அதனால தான் சொல்றேன், இவ போகட்டும்."

கொழும்புப் பக்கம் ஒரு கார்மென்டில் வேலை, கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில் தங்க இடம். கோயில் சிஸ்டர் ஒருவர் மூலம் அக்கா எல்லாம் பேசிவிட்டார். ஸ்டெல்லாவின் அடையாள அட்டை இல்லாமல் இரண்டும் நடக்காது. அட்டையும் பிறப்புப் பத்திரமும் ஒரு பிஸ்கட் டின்னில். டின் துணிகளுக்கு நடுவில். துணிப்பையோடு ஒரு பெண் லயத்தை விட்டு இறங்கினால் பீலிக்கு வருமுன் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குத்தான் நான். டிவி வந்த அட்டைப் பெட்டி கட்டிலுக்கு அடியில் மடித்துக் கிடந்தது. அதற்குள் துணியை வைத்துக் கட்டி, பழுதான டிவியைக் கடைக்குக் கொண்டுபோகிற மாதிரி நான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவர்கள் இருவரும் அடுத்த நாள் காலையில் வெறுங்கையோடு, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி இறங்கி, தெமோதரையில் கொழும்பு ரயிலுக்கு வருவார்கள்.

நல்ல திட்டம். அக்காவின் தலை அப்படி வேலை செய்யும்.

எழுந்திருக்கும்போது டிவியின் தலையைப் பார்த்தேன். பச்சை எரிந்துகொண்டிருந்தது.

அம்மா முகத்தைப் பார்க்கிறான் என்று நினைத்தேன். நாற்பதில் அலறுகிற டிவிக்குப் பக்கத்தில் என்ன கேட்டுவிடப் போகிறது என்றும் நினைத்தேன். சொன்னால், இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அக்கா கேட்பார். அதனால் சொல்லவில்லை. இன்னும் மூன்று தடவை அப்படிப் போய் உட்கார்ந்தேன். இரண்டு தடவை பச்சை எரிந்தது.

எல்லாம் முடிந்த பிறகுதான் எங்கள் கடையில் ரிப்பேர் பார்ப்பவர் எனக்கு விளக்கினார். அந்த மாதிரி டிவி, தன் வாயிலிருந்து வருகிற சத்தம் எது என்று தனக்கே தெரியும் என்பதால், அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும்தான் மறுபக்கம் அனுப்புமாம். கேக் செய்கிறவள் போய்விடுவாள். பக்கத்தில் குனிந்து பேசுகிற மூன்று பேர் மட்டும் மிஞ்சுவார்கள். டிவியை அணைத்து வைத்திருந்தால் கமராவுக்கு உயிரே இல்லை. அக்கா வீட்டில் சாதாரணப் பேச்சு எதுவும் அவனுக்குப் போகவில்லை. சத்தம் போட்டுப் பேசிய சங்கதி மட்டும், ஒன்று விடாமல் போயிருக்கிறது.

அந்தக் காலையில் நான் ஸ்டேஷனுக்கு முதலில் வந்துவிட்டேன். பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அக்காவும் ஸ்டெல்லாவும் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து வந்தார்கள். ஸ்டெல்லா தைத்துப் போட்ட புதுச் சட்டை. அக்கா கோயிலுக்குக் கட்டுகிற சேலை. டிக்கெட் எடுத்தாயிற்று. ரயில் பதுளையிலிருந்து புறப்பட்டுவிட்டது என்றார்கள்.

தேத்தண்ணிக் கடைப் பக்கமிருந்து அந்தோணி வந்தான். தோளில் விமானக் கம்பனி ஒட்டிய சீட்டைக் கழற்றாத பை. சிரித்த முகம்.

"அம்மா, நல்லா இருக்கியா? அம்மாவுக்கு சீரியஸ்னு சொல்லி லீவு எடுத்துட்டு வந்தேன்."

அக்கா ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தார். "அந்தோணி, இவ போகட்டும்."

"போகட்டும். நான் வேணாங்கலயே." குரலை அவன் உயர்த்தவே இல்லை. பெட்டியருகில் குந்தி, சாவியால் டேப்பை வெட்டினான். "ஐடென்டி துணிக்கு நடுவுல. பிஸ்கட் டின்னுல. சரியாம்மா?" டின்னை எடுத்தான். திறந்து பார்த்துவிட்டு அட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு எழுந்து நின்று, அக்காவின் குரலில், அக்கா பேசுகிற அதே மெல்லிய தொனியில் சொன்னான்.

"நான் பெத்தது தான். அதனால தான் சொல்றேன், இவ போகட்டும்."

அக்காவின் கை நழுவியதைப் பார்த்தேன். ஸ்டெல்லாவின் கையிலிருந்து அது தானாகக் கீழே விழுந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை பெரட்டில் நின்ற மாதிரி நின்றார்.

அந்தோணி பெட்டியைத் தூக்கினான். போகிற போக்கில் என்னிடம், "தேங்க்ஸ்ண்ணே. நல்லாப் பூட்டியிருக்கீங்க. ஒரு சொல்லு விடாம கேட்டுச்சு" என்றான். அப்போதுதான் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஸ்டெல்லா யாரையும் பார்க்கவில்லை. இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள். ரயில் வந்து நின்றது. வெள்ளைக்காரர்கள் கதவில் தொங்கிப் படம் எடுத்தார்கள். ரயில் போனது.

அவளை அன்றைக்கே கொஸ்லந்தப் பக்கம் தன் சித்தப்பா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அக்கா இரண்டு தடவை போனார். கதவு திறக்கவில்லை. போலீசுக்குப் போனார். புருஷனோடுதானே இருக்கிறாள் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். சிஸ்டர் பிடித்து வைத்த வேலைக்கு வேறு பெண் போய்விட்டாள். இதெல்லாம் பீலியில் நின்ற பெண்கள் எனக்குச் சொன்னவை. அக்காவை நேரில் பார்க்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதற்குள் கடையை விட்டுவிட்டேன்.

போனபோது டிவி அணைந்திருந்தது. அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதைக் கழட்டு" என்றார்.

கமராவைக் கழற்றினேன். வயரைச் சுருட்டினேன். எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வாயைத் திறக்குமுன் என் கை தானாக ரிமோட்டைத் தேடி எடுத்தது. ஆறு வருடத்தில் அந்த வீட்டில் எனக்கும் அது பழகியிருந்தது.

"வேணாம்" என்றார். "சும்மாவே சொல்லு."

சுவருக்கு அந்தப் பக்கம் கங்காணி இருமினார். பிறகு இருமலை அடக்கிக்கொண்டார்.

"அந்தப் பச்சை, கரண்ட் இருக்குன்னு காட்டுதுன்னு சொன்னியே."

"ஆமாக்கா."

"அப்பவே தெரியுமா ஒனக்கு?"

"அவன் பாக்கிறப்ப எரியும்னு தெரியும். கேக்கும்னு நெனக்கல."

"நாம மூணு பேரும் பேசினப்ப எரிஞ்சுதா?"

"எரிஞ்சுச்சு."

அக்கா தலையை ஆட்டினார். நான் எதிர்பார்த்தது வரவில்லை. அவர் எழுந்து, சுவர் முடிந்து கூரை தொடங்குகிற அந்த வெறும் இடத்தைப் பார்த்து நின்றார். முழுக் குரலில் பேசத் தொடங்கினார். அவருடைய முழுக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. கரகரத்த பெரிய குரல்.

"கங்காணியாரே, கேக்குதா? எட்டு வீட்டுக்கும் கேக்குதா? எம் மகன் பொண்டாட்டி கைய ஒடிச்சான். வயித்துல ஒதச்சான். பீலியில விழுகல அவ. ஒங்க எல்லாருக்கும் அன்னைக்கே கேட்டுச்சு. ஏன் பாதி கேக்கலன்னா, நான் ரேடியோவக் கூட்டி வச்சேன். அவ கத்துறது வெளிய கேக்கக் கூடாதுன்னு நான் தான் கூட்டி வச்சேன். கூட்டி வச்சிட்டு வெளிய வந்து கல்லுல உக்காந்துக்கிட்டேன்."

கூடைக் கயிற்றை முடிந்து அவிழ்த்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம் எனக்கு இப்போது புரிந்தது.

"இவன் பச்சைய மறைச்சான்" என்றார், என்னைக் கையால் காட்டி, ஆனால் கூரையைப் பார்த்தே. "நான் அவ சத்தத்த மறைச்சேன். ரெண்டும் ஒண்ணு தான். இப்ப அவ கொஸ்லந்தையில கத்துறா. அங்க யாரு ரேடியோவப் போடுறாங்களோ தெரியாது. யாராவது என்கூட வர்றீங்களா? ரெண்டு பேரு வந்தாலும் போதும். தனியாப் போனா கதவத் தொறக்க மாட்டேங்கிறாங்க."

ஒரு வீட்டில் கோப்பை வைக்கிற சத்தம். ஒரு வீட்டில் பிள்ளையை யாரோ வாய் பொத்துகிற மாதிரி ஒரு முனகல். கூரைக்குக் கீழே அந்தக் கேள்வி எட்டு வீட்டையும் சுற்றி வந்தது.

பிறகு ஐந்தாவது வீட்டில் ரேடியோவைப் போட்டார்கள். முதலில் சாதாரணமாக. அப்புறம் யாரோ குமிழைத் திருப்பினார்கள்.

அக்கா சுவரிலிருந்து என் பக்கம் திரும்பினார். "நீ போ தம்பி" என்றார். நானும் வருகிறேன், கொஸ்லந்தைக்குப் போவோம் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தோணிக்கு என் முகம் தெரியும், நான் வந்தால் கதவு இன்னும் இறுகும் என்று காரணம் இருந்தது. காரணம் எப்போதும் இருக்கும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

பிறகு அக்காவை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து தனியாகக் கொஸ்லந்த பஸ் ஏறுகிறார் என்று ஒரு தடவை கேள்விப்பட்டேன். அந்த வீட்டு வாசலில் நின்று, அங்கத்து லயமே கேட்கும்படி மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாராம். பதில் வந்ததா என்று சொன்னவருக்குத் தெரியவில்லை.

கமராவைக் கழற்றிக்கொண்டு இறங்கிய அன்றைக்கு ஸ்டேஷன் தேத்தண்ணிக் கடையில், எல்ல டவுனில் ஒரு புது விடுதிக்கு டிவி பூட்ட ஆள் தேடுவதாகச் சொன்னார்கள். மறுநாள் காலை அங்கே போய் நின்றேன். ஆறு அறை, ஆறு டிவி. ரிமோட்டைத் தொடாமலே, வாயால் சொன்னால் ஓடும் வகை. சுவர் நல்ல சுவர், கூரை வரைக்கும் போனது. முறுக்காணி சிக்கென்று பிடித்தது. "திரையில கேக்கிறதுக்கெல்லாம் சரின்னு அமத்துங்க" என்றார் முதலாளி. அமத்தினேன். டிவியின் அடியில் சின்னதாக ஒரு வெளிச்சம் வந்தது.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து அறை துடைக்க வரும் பெண் துணியோடு நின்று பார்த்தாள். "அது என்னண்ணே, வெளிச்சம்?"

"நாம பேசுறது அதுக்குக் கேக்குதுன்னு காட்டுது" என்றேன்.

அவள் சிரித்தாள். "நாம பேசுறத யாருண்ணே கேக்கப் போறாங்க?" என்று சொல்லிவிட்டு, அந்த வெளிச்சத்தின் மேல் படிந்திருந்த சுண்ணாம்புத் தூளைப் பளிச்சென்று துடைத்துவிட்டாள். நான் மிஷினைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது அறைக்குத் துளை போடப் போனேன்.